மெத்தையின் உள்ளே இருப்பது என்ன?

(கிராமக் கூட்டுறவுச் சங்கமொன்றின் அங்கத்தினர் கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இன்ஸ்பெக்டர் வந்தால் தவணை பாக்கியைப் பற்றித்தான் பேசுவார் என்று எண்ணி வந்திருப்பீர்கள். அந்த விஷயத்தில் பேசவேண்டியதை மத்தியானமே காரியதரிசியிடமும் சங்கப் பஞ்சாயத்தாரிடமும் பேசியாயிற்று. இப்பொழுது நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மெத்தை. சிரிக்கவேண்டாம். மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் படுக்கையில் கழிக்கிறான். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நாலடி நடக்கவிட்டும் பார்க்கிறோம். புடவை எடுக்கும்போது தாய்மார்கள் அதைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார்கள். மெத்தையை மாத்திரம், மேலே போட்டிருக்கும் பூத்துணியைப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறோம். விலை கொடுப்பதோ துணிக்கன்று, உள்ளே இருக்கும் சரக்குக்கு. அந்தச் சரக்கு கண்ணுக்குத் தெரியாது. மெத்தை வியாபாரத்தில் நடக்கும் மோசம் அனைத்துக்கும் இதுவே மூலகாரணம்.

முதலில், மெத்தை எல்லோருக்கும் அவசியந்தானா என்று கேட்டால், அவசியமில்லை என்பதே என் அபிப்பிராயம். தேக திடமுள்ளவர்களுக்குச் சித்திரை வைகாசி மாதங்களில் நல்ல கோரைப்பாயைப்போலச் சுகமான படுக்கை வேறு கிடையாது. வயோதிகர்கள், இடுப்புவலி மூட்டுவலி உள்ளவர்கள், நோயினால் படுத்திருப்பவர்கள் ஆகியோருக்கே மெத்தை முக்கியமாக வேண்டும். ஆகவே வீட்டில் ஒரே ஒரு மெத்தை வாங்கச் சக்தியுண்டானால், அதில் முதலில் படுக்கவேண்டியவர் வீட்டிலுள்ள கிழவியே ஒழிய, வீட்டு எஜமானர் அல்ல. அநேக வீடுகளில் நான் கண்டது இதற்கு நேர் விரோதமாக இருக்கிறது.

நம்முடைய பக்கங்களில் நெடுங்காலமாக வழங்கிவருவது இலவம்பஞ்சு மெத்தை. தேனி ஜில்லாவிலுள்ள போடிநாயக்கனூர் இந்தப் பஞ்சுக்குப் பெயர் பெற்ற ஊர். கோடைக்காலத்தில் காய் முதிர்ந்தவுடன் பறித்து, உடைத்து, வெயிலில் காயவைத்து, விதையைப் பிரித்து எடுக்கிறார்கள். இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே காற்றடைத்த ஒரு நுண்ணிய குழல். அதன்மேல் மெழுகு போன்ற பூச்சு ஒன்று இயற்கையிலேயே உண்டு. ஆகையால் அது எளிதில் நனையாது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். முற்காலத்தில் கப்பற் பிரயாணிகளின் உயிர்காக்கும் சட்டைகளில் இதைத்தான் அடைத்தார்கள். பருத்தியைவிட இலேசானது, நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது. இதன் குறை யாதென்றால், இழை எளிதில் நொறுங்கக்கூடியது. வருஷங்கள் செல்லச் செல்லப் பொடியாகும். அந்தப் பொடி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மேலும் இது வெகு சீக்கிரத்தில் தீப்பற்றும். கொசுவர்த்தியை மெத்தையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பருத்திப்பஞ்சு மெத்தை கனமானது, வேர்வையை உறிஞ்சும், நாளடைவில் படிந்து கட்டியாகும். முன்பெல்லாம் வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு பஞ்சு கொட்டுகிறவர் ஊர் ஊராக வருவார். பழைய மெத்தையைப் பிரித்து வில்லால் அடித்துக் கொடுத்தால், அது புது மெத்தைபோல் எழும்பி நிற்கும். இப்பொழுது வில்லுக்குப் பதிலாக யந்திரம் வந்திருக்கிறது. பருத்தி மெத்தையை இவ்விதம் அவ்வப்போது பிரித்து அடித்துக்கொண்டே வந்தால் வெகு காலம் உழைக்கும். பிரித்து அடிக்கும்போது அருகில் குழந்தைகளை விடக்கூடாது. வேலை செய்கிறவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

மற்றவை இரண்டு. ஒன்று, தேங்காய் நாரைச் சுருட்டி, ரப்பர்ப் பாலைத் தெளித்து, அழுத்திப் பதப்படுத்திச் செய்யும் தென்னைநார் மெத்தை. இதைக் காயர் மெத்தை என்பார்கள். இது விறைப்பானது, காற்றோட்டம் உள்ளது. மற்றொன்று, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ரசாயனப் பொருள்களால் செய்யப்படும் ஃபோம் மெத்தை. ஸ்பாஞ்சு என்று நாம் பொதுவாகச் சொல்வது இதைத்தான். ஸ்பிரிங்கு வைத்த மெத்தையும் உண்டு. அது விலை அதிகம், பழுது பார்க்க நம் ஊரில் ஆளும் இல்லை. ஆகையால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி மோசத்தின் விஷயம். சென்ற வருஷம் மேற்பார்வைக்குச் சென்ற ஓர் ஊரில், அங்கத்தினரான ஓர் அம்மாள் என்னிடம் ஒரு முறையீடு கொண்டுவந்தார். பிரசவத்துக்கு வந்த மகளுக்காக, களையெடுத்துச் சேர்த்த பணத்தில், ஒலிபெருக்கி வைத்த வண்டியில் வந்த ஒரு வியாபாரியிடம் ‘அசல் இலவம்பஞ்சு’ மெத்தை வாங்கியிருக்கிறார். இரண்டு மாதத்தில் அது மேடும் பள்ளமுமாகிவிட்டது. சங்கக் கட்டிடத்துத் திண்ணையில் வைத்து ஒரு சாண் அளவு தையலைப் பிரித்துப் பார்த்தோம். மேலே இரண்டு விரற்கடை கனத்துக்கு வெள்ளைப் பஞ்சு. அதன்கீழ் முழுவதும் பல நிறத் துணிகளைக் கிழித்து நாராக்கிய கழிவு. அந்தக் கழிவுக்குள் ஒரு பனியனின் கழுத்துப் பட்டி, அளவுச்சீட்டுடன் அப்படியே இருந்தது! ரசீது இல்லை. வியாபாரி கொடுத்த டெலிபோன் நம்பர் பேசவில்லை. ஏமாந்தவனை ‘இலவு காத்த கிளி’ என்பது நம்முடைய பழமொழி. பழமாகுமென்று காத்திருந்த கிளிக்காவது அது பஞ்சாயிற்று. பஞ்சென்று நம்பிப் பணம் கொடுத்த அந்த அம்மாளுக்கு அது பஞ்சாகக்கூட இல்லை.

இதற்குப் பரிகாரம் நம் கையிலேயே இருக்கிறது. பஞ்சு மெத்தையை ஒருபோதும் தைத்த நிலையில் வாங்காதீர்கள். உறையைத் தனியாக வாங்குங்கள்; அதைச் சங்கத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சைக் கிலோ விலை பேசி, உங்கள் கண் முன்னால் அடைக்கச் சொல்லுங்கள். தைத்து முடிந்தபின் மறுபடி நிறுங்கள். கூலியைத் தனியே பேசிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் பருத்திப்பஞ்சு வாங்கினால் ஈரத்தையும் சேர்த்து நிறுத்து வாங்குகிறீர்கள் என்பதை ஞாபகத்தில் வைக்கவேண்டும். கோடையில் வாங்குவதே சரி. இலவம்பஞ்சில் கையை விட்டு அளைந்து பாருங்கள். பட்டுப்போல் மினுமினுப்பாக இருக்கவேண்டும். விதைகள் அதிகமாகத் தட்டுப்படக்கூடாது. விதையில் எண்ணெய் இருக்கிறபடியால் உறையில் கறை ஏறும், பூச்சியும் வரும். ஒரு சிட்டிகைப் பஞ்சைத் தண்ணீரில் அழுத்திவிட்டால், இலவம்பஞ்சு மேலே எழும்பி நிற்கும். கழிவுப்பஞ்சு நீரைக் குடித்து அமிழும். செயற்கை நார் கலந்திருக்கிறதா என்று அறிய, இன்னொரு சிட்டிகையைப் பஞ்சுக் குவியலிலிருந்து வெகுதூரம் எடுத்துப்போய், இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். இலவமும் பருத்தியும் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். செயற்கை நாரோ உருகி, கெட்டியான சிறு மணிபோல் உறைந்து நிற்கும். பிளாஸ்டிக் எரிந்த வாடை வீசும்.

ஃபோம் மெத்தைக்கும் தராசு உதவும். இதைக் கடைக்காரர்கள் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஃபோமின் தரத்தை ‘டென்ஸிட்டி’ என்ற கணக்கால் சொல்வார்கள். 32 டென்ஸிட்டி என்றால், ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ எடையுள்ளது என்று பொருள்; வேறு ரகசியம் ஒன்றுமில்லை. 6 அடி நீளமும் 3 அடி அகலமும் 4 அங்குலக் கனமும் உள்ள ஒரு மெத்தை சரியாக 6 கன அடி. அதாவது ஏறக்குறைய 0.17 கன மீட்டர். ஆகவே 32 டென்ஸிட்டி மெத்தை, உறை நீங்கலாக, சுமார் 5.4 கிலோ இருக்கவேண்டும். 40 என்று சொல்லி விற்றால் 6.8 கிலோ இருக்கவேண்டும். உறையைக் கழற்றி நிறுத்ததில் 4 கிலோதான் நிற்கிறதென்றால், அந்த மெத்தை வெகு சீக்கிரத்தில் நடுவில் குழிந்துபோகும். எடை சரியாக இருந்தும் மோசம் இருக்கலாம். கழிவு ஃபோமைத் துண்டு துண்டாக்கி ஒட்டிச் செய்வது ஒரு வகை. அது எடை அதிகம், வெட்டு முகத்தில் பல நிறத் துண்டுகள் தெரியும். அடியில் வைப்பதற்கு அது கெடுதலான பொருளல்ல; ஆனால் அதை அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்கவேண்டும். எடை கூட்டுவதற்காகச் சுண்ணப்பொடி கலப்பதும் உண்டு. கையால் கசக்கிப் பார்த்தால் பொடி உதிர்ந்தாலும், முஷ்டியால் அழுத்திய பள்ளம் உடனே எழும்பாவிட்டாலும் அந்த மெத்தை வேண்டாம். ஆகவே ‘ஜிப்’ வைத்த உறையாகப் பார்த்து வாங்குங்கள். திறந்து காட்டமாட்டேன் என்கிற கடையில் வாங்குவதற்கு ஒன்றுமில்லை. எதை வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிடுவதற்கு அதுவே முதல் ஆதாரம்.

தவணை முறையைப் பற்றி ஒரு வார்த்தை. ரொக்கத்துக்கு 4,000 ரூபாய் பெறும் மெத்தையை, வாரம் 150 ரூபாய் வீதம் 40 வாரங்களுக்கு என்று கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 150 ரூபாய் பெரிதாகத் தோன்றாது. மொத்தம் 6,000 ரூபாய் ஆகிறது. 2,000 ரூபாய் வட்டி. கடன் வாரா வாரம் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகப் பார்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்தான் உங்களிடம் 40 வாரம் நின்றிருக்கும். அதற்கு 2,000 ரூபாய் வட்டி என்றால், ஒரு வருஷம்கூட ஆகுமுன்பே ஏறத்தாழ முதலுக்கு முதல் வட்டி கொடுத்தாயிற்று. இந்த வட்டியை நம் சங்கம் கேட்டிருந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அந்த 150 ரூபாயை வாரா வாரம் சங்கத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டுவந்தால், 27 வாரங்களில் மெத்தையின் விலை சேர்ந்துவிடுகிறது. அதுவரையில் பாயில் படுத்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

கலியாணச் சீரில் கட்டில், பீரோவுடன் மெத்தையும் சேர்ந்து போகிறது. வரதட்சணை 1961ஆம் வருஷத்துச் சட்டத்தினால் தடுக்கப்பட்டதென்பது உங்களுக்குத் தெரியும். ஆயினும் சீர் என்ற பெயரில் நடப்பது நடக்கிறது. அதைப்பற்றி இங்கே விரிக்கவில்லை. அப்படிப் போகும் மெத்தை, பந்தலில் வருகிறவர்கள் பார்த்து வியப்பதற்காகவே வாங்கப்படுகிறது. எட்டங்குல உயரம், பளபளப்பான துணி, உள்ளே மட்டமான ஃபோம். அதில் படுக்கப்போகிற பெண்ணின் முதுகைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

முதுகு என்றவுடன் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. இடுப்புவலிக்குப் பலகைபோல் கடினமான படுக்கைதான் நல்லது என்ற நம்பிக்கை நம்மிடையே பலமாக இருக்கிறது. நீடித்த இடுப்புவலியுள்ள 313 பேரைக் கொண்டு ஸ்பெயின் தேசத்தில் ஒரு பரீட்சை நடத்தி, அதன் முடிவை ‘லான்ஸெட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் 2003ஆம் வருஷம் வெளியிட்டார்கள். மிகவும் கடினமான மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களே அதிகக் குணம் கண்டார்கள். ஆகவே கடையில் வெட்கப்படாமல் பத்து நிமிஷம் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். தோளும் இடுப்பும் சற்றே அமிழ்ந்து, முதுகெலும்பு நேராக நிற்கவேண்டும். நடு உடல் தொட்டிலில் கிடப்பதுபோல் தொங்கினாலும், தோள் பலகையில் கிடப்பதுபோல் வலித்தாலும் அந்த மெத்தை உங்களுக்கு ஏற்றதல்ல. ‘ஆர்த்தோ’ என்று மேலே அச்சிட்டிருப்பதால் மாத்திரம் ஒரு மெத்தை வைத்தியம் ஆகிவிடாது.

கைக்குழந்தைகளின் விஷயத்தில் இதற்கு மாறாக நடக்கவேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மெத்தென்ற மெத்தையில் போடவே கூடாது. சமமான, விறைப்பான படுக்கையில், மல்லாந்த நிலையில் கிடத்தவேண்டும். தலையணையும் வேண்டாம், இருபுறமும் அணை கொடுப்பதும் வேண்டாம். முகம் புதைந்தால் திருப்பிக்கொள்ள அதற்குச் சக்தியில்லை. மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகும். மகளுக்குப் பிரசவமென்று இலவம்பஞ்சில் குட்டி மெத்தையும் தலையணையும் ஆசையாகத் தைக்கும் பாட்டிமார்கள் இதைத் தயவுசெய்து மனத்தில் வைக்கவேண்டும்.

நோயினால் எழுந்திருக்க முடியாதவர்களுக்கு எந்த மெத்தையும் தனியே போதாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்து, அதுவே யமனாகும். காற்றடைத்த மெத்தை இவர்களுக்கு உதவும். வீட்டுக்கு வீடு அது வாங்குவதற்கில்லை. ஊருக்கு ஒன்று பொதுவில் வாங்கி, வேண்டியவர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பஞ்சாயத்தார் இதை யோசிக்கவேண்டும்.

இனிப் பாதுகாப்பு. பஞ்சு மெத்தைக்கு வெயில் ஒளஷதம். பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது பாயின்மேல் விரித்து, இரண்டு புறமும் காயவைத்து, கையாலோ மெல்லிய பிரம்பாலோ தட்டவேண்டும். உலக்கையைப்போன்ற கழியால் அடித்தால் இழை நொறுங்கும். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிடவேண்டும், பனி ஏறக்கூடாது. இந்தப் பழக்கத்தை நம் தாய்மார்கள் நன்றாகவே அறிவார்கள். ஆனால் அதே பழக்கத்தை ஃபோம் மெத்தைக்கும் காயர் மெத்தைக்கும் செய்துவிடுகிறார்கள், அங்கேதான் கேடு. கடும் வெயில் பட்டால் ஃபோம் பழுத்து மஞ்சளாகி உதிரும். காயர் மெத்தையிலுள்ள ரப்பர் வறண்டு, நார் தனித்தனியே பிரியும். இவற்றை நிழலில், காற்றுப் படும்படி நிமிர்த்தி வைத்தால் போதும். காயர் மெத்தையை மடிக்கவும் கூடாது. மடித்த இடத்தில் முறிந்துவிடும். கயிற்றுக் கட்டிலின்மேல் போடவும் கூடாது. அதற்குப் பலகைக் கட்டில் வேண்டும். எந்த மெத்தையானாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடவேண்டும்.

கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே வருஷக்கணக்கில் படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புதுமை போய்விடுமாம்! வேர்வை வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, துவைக்கக்கூடிய பருத்தி உறை ஒன்று தைத்துப் போடுங்கள். குழந்தை மூத்திரம் பெய்யும் வீட்டில், அந்த இடத்துக்கு மாத்திரம் ஒரு ரப்பர்த் துணியை விரிப்பின்கீழ் போட்டால் போதும். சிமெண்டுத் தரையில் மெத்தையை நேராகப் போடாமல், கீழே ஒரு பாயை விரித்துப் போட்டு, காலையில் சுருட்டி எடுக்கவேண்டும். விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை, கை பொறுக்காத வெந்நீரில் துவைத்தால், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பேன்கள் மடியும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதனால் பெரிதும் சுகமுண்டு.

மூட்டைப்பூச்சி மெத்தையில் மாத்திரம் வசிப்பதன்று. கட்டில் மூட்டுக்களிலும் சுவர் வெடிப்புக்களிலும் ஒளிந்திருக்கும். இரத்தமில்லாமல் மாதக்கணக்கில் உயிர் வாழும். மெத்தையை மாத்திரம் வெயிலில் போட்டால் நிழலுள்ள பக்கத்துக்கு ஓடிவிடும். கட்டிலைக் கழற்றி மூட்டுக்களில் கொதிநீர் ஊற்றி, சுவர் வெடிப்புக்களை அடைத்து, தையல் ஓரங்களை விளக்கு வைத்துப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவேண்டும். ஒரு வாரம் சென்று மறுபடியும் செய்யவேண்டும். டி.டி.டி. மருந்துக்கே சாகாத மூட்டைப்பூச்சிகள் 1940களின் இறுதியிலேயே தோன்றிவிட்டன. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து மிச்சமிருக்கிறதே என்று அதை மெத்தையில் தெளிப்பவர்கள் உண்டு. ஐயா, அம்மா, அதைமட்டும் எக்காரணத்தாலும் செய்யாதீர்கள். நெற்பயிருக்கு அடித்தால் அந்த வயலுக்குள் ஆள் போகக்கூடாதென்று தடுக்கிறோம். அதே மருந்தில் குழந்தையை இரவு முழுவதும் முகம் புதைத்துப் படுக்கவைப்பதா? நெல்லுக்கு வைக்கும் நச்சு மாத்திரைகளைப் படுக்கையறையில் வைப்பது அதைவிட மோசம். அதிலிருந்து கிளம்பும் விஷவாயு ஒரே இரவில் உயிரை வாங்கிவிடும்.

கடைசியாக ஒரு யோசனை. இந்தச் சங்கத்தில் மெத்தை தைக்கவோ பிரித்து அடிக்கவோ உத்தேசமுள்ளவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். தனித்தனியே அலைவதை விட்டு, பெயரையும் அளவையும் காரியதரிசியிடம் பதிந்துகொள்ளுங்கள். கோடையில் பஞ்சை மொத்தமாக வாங்கி, மெத்தை தைக்கிறவரை இங்கேயே வரவழைத்து, இந்தக் கொட்டகையிலேயே அடைக்கச் செய்யலாம். தராசு நம்முடையது, பார்க்கும் கண்களும் நம்முடையவை. கடன் யாருக்கும் கிடையாது. கையில் ரொக்கம் உள்ளவர்கள் மாத்திரம் பதியலாம்.

காரியதரிசி தம் வீட்டுத் தலையணை ஒன்றை இங்கே கொண்டுவந்திருக்கிறார். அசல் இலவம்பஞ்சு என்று சொல்லி விற்றார்களாம். பாத்திரத்தில் தண்ணீரும் தயாராக இருக்கிறது. தாய்மார்கள் முன்னால் வாருங்கள், தையலைப் பிரிக்கலாம்.